புரோட்டான் செல்லும் வழி

சென்னை மந்தைவெளியில் பறக்கும் இரயிலேறித் தெற்கே சென்றால், அடையாற்றைக் கடந்து சிறிது நேரத்தில் தரமணியை அடையலாம். அப்பக்கத்தில், இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சிப் பூங்காவில், எரிபொருள் மின்கலங்களை ஆராயும் நடுவம் ஒன்று உண்டு. அத்தகைய கலத்தின் நடுவே, பார்வைக்கு வெறும் கண்ணாடித்தாள் போன்ற சவ்வு ஒன்று இருக்கிறது. அதன் உள்ளமைப்பை இப்பாடத்தில் காண்போம்.

இக்கலத்தில் தீயும் இல்லை, புகையும் இல்லை. ஒரு புறம் ஹைட்ரஜனும் மறுபுறம் காற்றும் செலுத்தப்படுகின்றன. பிளாட்டினத் துகள்களின்மேல் ஹைட்ரஜன் புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் பிரிகிறது. சவ்வு புரோட்டானுக்கு வழிவிடும், எலெக்ட்ரானைத் தடுக்கும். தடுக்கப்பட்ட எலெக்ட்ரான் கம்பி வழியே சுற்றிச் செல்கிறது. அவ்வோட்டமே மின்சாரம். மறுபுறத்தில் இரண்டும் ஆக்ஸிஜனுடன் கூடி நீராகின்றன. 1965-இல் ஜெமினி 5 விண்கலம் இவ்வகைக் கலத்தால் மின்சாரம் பெற்றது. 2025 ஜூலையில் நம் பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜனால் இயங்கும் பெட்டி சோதிக்கப்பட்டது.

புரோட்டானுக்கு மட்டும் சவ்வு வழிவிடுவது எங்ஙனம்? 1960-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் உருவான நஃபியான் என்னும் சவ்வை எடுத்துக்கொள்வோம். ஒட்டாத வாணலியில் பூசும் டெஃப்லானுக்கு இது நெருங்கிய உறவு. இதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி நீரை வெறுக்கும். கிளைகளின் நுனியிலுள்ள கந்தக அமிலத் தொகுதிகளோ நீரை விரும்பும். ஒரே மூலக்கூறில் பிணைந்திருப்பதால் இவ்விரண்டும் பிரிந்து ஓடவும் இயலாது. கலந்து நிற்கவும் இயலாது. ஆதலின் சவ்வு நனைந்ததும், அமில நுனிகள் நீரைச் சூழ்ந்து சிறுசிறு குழுக்களாகக் கூடுகின்றன.

நம் நாட்டு ஏரிகளை நினைத்துப் பாருங்கள். ஓர் ஏரி நிரம்பினால் நீர் வாய்க்கால் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். சவ்வினுள்ளும் அவ்வாறே என்று கீர்க்கியும் அவர்தம் தோழரும் 1981-இல் விளக்கினர். அவர்கள் கண்ட ‘ஏரி’யின் குறுக்களவு ஏறத்தாழ 4 நானோமீட்டர், ‘வாய்க்கால்’ 1 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர்! ஏரிகள் அல்ல, ஒருபோகாய்ச் செல்லும் நீர்க்குழாய்களே உள்ளன என்று 2008-இல் வேறு ஆய்வாளர் உரைத்தனர். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எவ்வாறாயினும், நீர்த்தொடர் அறாதிருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. வரிசையில் நிற்போர் குடத்தைக் கைமாற்றுவதுபோல, ஒரு நீர் மூலக்கூறு புரோட்டானை அடுத்ததற்குக் கொடுக்கிறது. நீர் வற்றினால் வாய்க்கால் அறுபடும், மின்னோட்டமும் படுத்துவிடும்.

அமிலத்தைக் கூட்டினால் போதாதோ எனில், போதாது. மிகுந்தால் சவ்வு நீரை உண்டு உப்பி வலிவிழக்கும். அமிலம் எவ்வளவு என்பதோடு, அஃது எவ்வாறு அமைந்துள்ளது என்பதும் முக்கியமே. விலை மலிவாக வேண்டி, கந்தக அமிலம் ஏற்றிய பாலி ஈதர் கீட்டோன் சவ்வுகளையும் செய்துள்ளனர். அவற்றில் நீரை விரும்பும் பகுதியும் வெறுக்கும் பகுதியும் அத்துணைத் தெளிவாகப் பிரிவதில்லை. வாய்க்கால்கள் குறுகிக் கிளைத்து, சில முட்டுச்சந்தாய் முடிகின்றன. நன்கு நனைந்திருக்கும்போது இக்குறை பெரிதாகத் தோன்றாது. ஈரம் குறையும்போதே வெளிப்படும்.

நம்மைப் போன்ற வெப்ப நாட்டினர்க்கு இதில் தனி அக்கறை உண்டு. நஃபியான் கலம் வழக்கமாக 80 பாகை செல்சியசை ஒட்டியே இயங்கும். அதற்கு மேல் நீரைக் காப்பது அரிது. சித்திரை வெயிலில் காற்றே 40 பாகையைத் தொடுமாயின், கலத்தின் சூட்டை அக்காற்றில் இறக்குவது எளிதன்று. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறிதாதலின், குளிர்விக்கும் கருவி பெரிதாக வேண்டும். கலத்தை இன்னும் சூடாக இயக்கினால் இத்தொல்லை குறையும். ஆனால் வாய்க்கால் வற்றுமே! இதனால், நீருக்கு மாற்றாகப் பாஸ்பாரிக் அமிலம் ஊறிய பாலி பென்சிமிடசோல் சவ்வையும் கையாள்கின்றனர். அது 160 பாகையிலும் உழைக்கும். ஆயினும், கலம் குளிர்ந்திருக்கையில் அதனுள் நீர் துளித்தால், அந்த அமிலம் கரைந்து சிறிது சிறிதாக வெளியேறிவிடுகிறது.