காற்று எந்தப் பக்கம்?

மான் வேட்டைக்குப் போனவர்கள் முதலில் மானைத் தேடவில்லை. ஒரு பிடி புழுதியை உதிர்த்தார்கள். அது பறக்கும் திசையைப் பார்த்தார்கள்.

ஏன்? மனித வாடை காற்றோடு போகும். அது மூக்கில் பட்டால் மான் ஓடிவிடும். ஆகவே, காற்று தம் முகத்தில் வீசும்படி நடந்தார்கள்.

1972-ம் ஆண்டுச் சட்டப்படி இன்று மான் வேட்டை குற்றம். ஆனால் அந்தக் காற்றுப் பாடம் இன்றும் உயிர் காக்கும்.

எண்ணூரில் நள்ளிரவு

2023 டிசம்பர் 26. எண்ணூர் பெரியகுப்பம் உறங்கிக்கொண்டிருந்தது. உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிந்தது; மூச்சுத் திணறியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

எப்படி ஓடுவது?

காற்று போகும் பக்கம் ஓடினால் நெடியும் கூடவே வரும். முதலில் காற்றுக்குக் குறுக்கே விலகுங்கள். நெடி குறைந்ததும், கசிந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, காற்று வரும் பக்கம் போங்கள். அம்மோனியா தண்ணீரில் கரையும். ஆகவே ஈரத் துணியால் மூக்கை மூடுங்கள்.

குழாயைக் காப்பது ஆலையின் கடமை. காற்றை அறிவது நமக்குக் காவல். கொடியில் காயும் துணி திசை சொல்லும். இன்றிரவு படுக்குமுன் பிள்ளைகளைக் கேளுங்கள்: "காற்று எந்தப் பக்கம்?"