டி.சி. வாங்கிய பிறகு...

தமிழ்நாட்டில் பள்ளி செல்லாக் குழந்தைகளைத் தேடிக் கணக்கெடுக்க ஆசிரியர்களும் ஆசிரியர் பயிற்றுநர்களும் வீடு வீடாகப் போவதுண்டு. மாணவர் விவரங்களுக்கான எமிஸ் பதிவில் பெயர் இருந்து, டி.சி. வாங்கிப் போன பிறகு வேறெந்தப் பள்ளியிலும் தென்படாத பிள்ளையைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. "பாப்பா எந்த ஸ்கூல்லம்மா படிக்குது?" என்று கேட்கிறார் வந்தவர். "ஸ்கூலுக்கு அனுப்பலைங்க மேடம், வீட்டுலயே சொல்லிக்கொடுக்குறோம்" என்கிறார் அம்மா. வந்தவருக்கு இதை எப்படி எழுதிக்கொள்வது என்று புரிவதில்லை. இது தப்பா, சரியா என்று அம்மாவுக்கும் உறுதியாகத் தெரிவதில்லை.

இருவரையும் குறை சொல்ல முடியாது. சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

2002-ல் அரசியல் சட்டத்தின் 86-வது திருத்தம் வந்தது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்பு ஏற்படுத்தித் தருவது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்றும் சேர்த்தது. இதை நடைமுறைப்படுத்த வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 10-வது பிரிவு, அருகமைப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால், சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. வீட்டுக்கல்வி என்ற பேச்சும் பொதுவாக இல்லை. ஒரே ஒரு விலக்கு 2012 திருத்தத்தில் வந்தது: கடுமையான ஊனமோ பலவகை ஊனமோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

மற்றவர்களின் நிலை என்ன? இந்தக் கேள்வி தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. பெற்றோர் விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்தால் சட்டம் குறுக்கே நிற்காது என்று 2012-ல் மத்திய அரசு அங்கே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. ஹோம்ஸ்கூலிங் குடும்பங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. பிறகு அதே அரசு அந்த நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கியது. உச்ச நீதிமன்றம் இதில் நேரடியாகத் தீர்ப்புச் சொன்னதில்லை. ஆக, அனுமதியும் இல்லை, தண்டனையும் இல்லை என்ற இடைவெளியில்தான் இந்தக் குடும்பங்கள் வாழ்கின்றன. பள்ளியில் இருந்திருந்தால் தானாகச் சேர்ந்திருக்கும் காகிதங்கள் எதுவும் இவர்களுக்குத் தானாக வருவதில்லை. ஒவ்வொன்றையும் பெற்றோரே நினைவு வைத்து உண்டாக்க வேண்டும்.

அன்றாட வாழ்க்கையை முதலில் பார்க்கலாம். ஹோம்ஸ்கூலிங் என்றதும் சாப்பாட்டு மேஜையில் எட்டு பீரியடு பலர் கற்பனையில் வருகிறது. அனுபவப்பட்ட குடும்பங்கள் அப்படி நடத்துவதில்லை. தொடக்க வகுப்பு வயதில் உட்கார்ந்து படிப்பது இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் வருகைப்பதிவுக்கும் வரிசைக்கும் போகும் நேரம் இங்கே மிச்சம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே பெரிய பகுதிகள் உண்டு.

வார நாளில் அங்கே கூட்டமே இருக்காது என்பது இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த தனிச் சலுகை.

யார் சொல்லிக்கொடுக்கிறார் என்பதை மட்டும் பலரும் பேசாமல் விடுகிறார்கள். பெரும்பாலும் அம்மாதான். வேலையை விட்டவரும் அவர்தான். "நாங்கள் ஹோம்ஸ்கூல் செய்கிறோம்" என்று பெருமையாகச் சொல்லும் அப்பாக்களில் எத்தனை பேருக்குப் பிள்ளை எந்தப் பாடத்தில் நிற்கிறது என்று தெரியும்? குடும்பத்தின் பண நிலை, அம்மாவின் உடல்நிலை, அவர் மீண்டும் வேலைக்குப் போக வேண்டிய காலம் எல்லாம் திட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு டெங்கு காய்ச்சல் போதும், மூன்று மாதம் பாடம் நின்றுபோகும்.

அடுத்தது வயதுக் கணக்கு. தேதி போட்டுச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டியது இதுதான். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுத 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத 14½ வயதும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும். இரண்டையும் நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பத்தாம் வகுப்பில் பல குடும்பங்கள் சறுக்கும் இடம் அறிவியல் செய்முறை. தனித்தேர்வர் அதற்கு முன்கூட்டியே மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகப் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் பயிற்சிக்குப் போக வேண்டும். தேர்வு விண்ணப்பத்துக்கு முன்பே முடியும் இந்தப் பதிவைத் தவறவிட்டால் வருடமே போய்விடும். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாத பிள்ளை பின்னால் ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்குத் திரும்ப நினைத்தாலும் சிக்கல்தான். "சின்னத் தேர்வுதானே" என்று அதை விட்டுவிடுவது புத்திசாலித்தனம் அல்ல.

இன்னொரு பாதை தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-ல் தொடங்கிய மத்திய அரசு அமைப்பு. என்.ஐ.ஓ.எஸ். என்றால்தான் பலருக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் சேர 14 வயது, பன்னிரண்டாம் வகுப்பில் சேர 15 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும். ஐந்து பாடங்களை ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு, பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. இசைப் பயிற்சியிலோ சதுரங்கத்திலோ நாள் முழுதும் செலவிடும் பிள்ளைக்கு இது வரப்பிரசாதம். மருத்துவம் படிக்க முடியாது என்ற பழைய தடையும் இப்போது இல்லை. திறந்தநிலைப் பள்ளியில் படித்தவரை நீட் எழுத விடாத விதியை 2018-ல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024-ல் உச்ச நீதிமன்றத்திலும் அந்த விவகாரம் மாணவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தது.

ஆனால் தமிழ்நாட்டுப் பெற்றோர் கணக்கில் எடுக்க வேண்டிய இழப்பு வேறு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் 6 முதல் 12 வரை பள்ளியில் படித்ததை வைத்துத்தான். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்ததற்குப் பள்ளிச் சான்று காட்ட வேண்டும். அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளும் நடுத்தரக் குடும்பம் இவை அத்தனையையும் அந்த ஒரே நாளில் விட்டுக்கொடுக்கிறது. ஆறாம் வகுப்பு அதற்கான எல்லைக்கோடு. அதற்குள் திரும்பினால், தமிழ் வழி முன்னுரிமை தவிர மற்ற கதவுகள் திறந்தே இருக்கும்.

பொறியியல் கலந்தாய்வில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எட்டு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவரிடம் இருப்பிடச் சான்றிதழ் கேட்பதில்லை. வீட்டில் படித்தவர் அதை வருவாய்த் துறையிடம் வாங்கி வைத்திருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ், பெயர் சேர்த்த பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் இதே கதிதான். நினைவூட்ட ஹெட்மாஸ்டர் இல்லை.

சான்றிதழ் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை மாணவி ஒருவரின் கதை இருக்கிறது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கணினி நிரலாக்கத்துக்கான சர்வதேச ஒலிம்பியாட்டில் இந்தியாவுக்காக மூன்று முறை பதக்கம் வென்றார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் ஐ.ஐ.டி.யில் அவருக்கு இடமில்லை. சென்னைக் கணிதவியல் கழகம் மட்டும் அவர் அறிவை அளந்து பார்த்து எம்.எஸ்சி. நிலையிலேயே சேர்த்துக்கொண்டது. 2016-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. உதவித்தொகையோடு அழைத்துக்கொண்டது. இந்தக் கதையைச் சொல்லி "பேப்பரே தேவையில்லை" என்று பேசுவோர் இருக்கிறார்கள். மூன்று சர்வதேசப் பதக்கம் இருந்தும் சொந்த நாட்டில் ஒரு வாசல்தான் திறந்தது என்று படிப்பதுதான் பொருத்தம்.

இந்தப் பதற்றத்தில்தான் ஏமாற்றுக்காரர்கள் புகுகிறார்கள். "மூன்றே மாதத்தில் பிளஸ் டூ, தேர்ச்சி உத்தரவாதம்" என்று சுவரொட்டி ஒட்டும் மையங்களை எந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலும் பார்க்கலாம். பணம் கட்டும் முன், சான்றிதழ் தரப்போகும் வாரியம் இந்தியப் பள்ளிக் கல்வி வாரியங்களின் கூட்டமைப்பின் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் "ஓப்பன்", "நேஷனல்", "கவுன்சில்" என்று இருப்பது எதற்கும் ஆதாரம் அல்ல. ஏமாந்துவிட்டால் ரசீது, விளம்பரம், வாட்ஸாப் உரையாடல் மூன்றையும் சேர்த்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். ஆலோசனைக்கு 1915 என்ற எண் உண்டு. பள்ளி, கல்லூரிகள் மீதான நுகர்வோர் வழக்குகள் நிற்காமல் போனாலும், கோச்சிங் சென்டர்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் சொல்லியிருக்கிறது. போலிச் சான்றிதழ் என்றால் காவல் நிலையத்துக்கே போக வேண்டும்.

ஏதாவது ஒரு பள்ளியில் பேருக்கு அட்மிஷன் போட்டுவிட்டு வீட்டில் படிக்க வைப்பதும் பாதுகாப்பு இல்லை. சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். 2024 மார்ச்சில் அந்த வாரியம் டம்மி மாணவர்கள் உள்ளிட்ட முறைகேடுகளுக்காக 20 பள்ளிகளின் இணைப்பை ரத்து செய்தது. பள்ளியின் தலையில் விழும் அடியில் பிள்ளையின் ஹால் டிக்கெட்டும் சிக்கும்.

நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு மாடியில் பிள்ளைகளைக் கூட்டிப் படிக்கவைப்பது நல்ல யோசனைதான். ஆசிரியர் நியமித்து, கட்டணம் வாங்கி, தினமும் நடத்த ஆரம்பித்தால் அது அங்கீகாரம் இல்லாத பள்ளி என்று கருதப்படலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 18-வது பிரிவு அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கூடும்.

சட்டம் கறாராக இருக்கும் இடமும் ஒன்று உண்டு. 14 வயதுக்குட்பட்ட பிள்ளை குடும்பத் தொழிலில் உதவலாம், ஆனால் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் மட்டுமே, ஆபத்தில்லாத வேலையில் மட்டுமே. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. பகல் பதினொரு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பையனைக் காட்டி "இதுவும் ஹோம்ஸ்கூலிங்தான்" என்றால் தொழிலாளர் ஆய்வாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும் வீட்டில் நிறுத்தப்படும் பெண்பிள்ளையின் நிலையும் கல்வி அல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படிச் சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசலாம். உண்மையாகவே சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் இந்தக் கேள்வியைக் கண்டு கோபப்படத் தேவையில்லை. பிள்ளையின் நோட்டு, படித்த புத்தகங்களின் பட்டியல், தடுப்பூசி அட்டை, தேதி போட்ட செயல்திட்டங்கள் ஒரு கோப்பில் இருந்தால் வாசலில் நிற்பவருக்கு எடுத்துக் காட்டலாம். கதவைச் சாத்துவதும் கத்துவதும்தான் வம்பை வளர்க்கும்.

விரும்பாமலே ஹோம்ஸ்கூலிங்குக்குத் தள்ளப்பட்ட குடும்பங்கள் தனி ரகம். ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளையை "உங்க பையனுக்கு எங்க ஸ்கூல் சரிப்படாது சார், வேற இடம் பாத்துக்கங்க" என்று பேச்சுவாக்கில் வெளியே அனுப்பும் பள்ளிகளால் வந்த நிலை இது. இப்படிப்பட்ட பெற்றோர் முதலில் டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்கக் கூடாது. அந்தக் கடிதமே "பெற்றோர் விருப்பத்தின்பேரில்" என்று பள்ளிக்கு ஆதாரமாகிவிடும். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், நடந்ததை நீங்களே தேதியோடு எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 32-வது பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் தரும் எழுத்துப்பூர்வமான புகார் மூன்று மாதத்துக்குள் தீர்க்கப்பட வேண்டும். மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு. வீட்டை விட்டு நகர முடியாத பிள்ளைக்கு ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வரும் ஏற்பாடு உண்டு. அதை வட்டார வள மையத்தில் கேட்டுப் பெறலாம்.

பள்ளிக்குத் திரும்ப நினைப்பவர்களுக்குச் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. நடுவில் விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கிய பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு. அப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு முடியும்வரை, 14 வயது கடந்தாலும், கல்வி இலவசம். நுழைவுத்தேர்வு வைக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றோ பள்ளி திறந்து நாளாகிவிட்டது என்றோ திருப்பி அனுப்பவும் கூடாது.

எந்தப் பாதையைத் தேர்ந்தாலும், போகப்போகும் கல்லூரியோ எழுதப்போகும் அரசுத் தேர்வோ அந்தச் சான்றிதழை ஏற்குமா என்பதை வாய்வார்த்தையாகக் கேட்டு நிறுத்தாதீர்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அது அரசு அமைப்பு என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பம் போடுங்கள். வாரியத்தின் பெயர், எழுதவிருக்கும் பாடங்கள், சேர விரும்பும் படிப்பு மூன்றையும் குறிப்பிட்டு, இன்னின்ன ஆண்டுச் சேர்க்கைக்கு இது ஏற்கப்படுகிறதா, எந்த அரசாணையின்படி என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். பிள்ளை பத்தாம் வகுப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அந்தப் பதில் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.