லிண்ட்னர் வேடத்தை யார் ஏற்பது?

நாடகம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் உள்ளம் துள்ளுவது இயல்பு. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்க்கோ அதில் தனியுரிமையே உண்டு எனலாம். இந்நகரின் மகாராசா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபு என்னும் ஆங்கில ஆசிரியரின் கதையொன்றைத் தழுவி 'மனோன்மணீயம்' நாடகத்தை இயற்றி, 1891ஆம் ஆண்டில் வெளியிட்டார். 'அவ்வை' சண்முகம் எனத் தமிழுலகம் போற்றிய டி. கே. சண்முகம் 1912இல் பிறந்ததும் இவ்வூரிலேதான். ஆண்மகனாகிய அவர் ஔவை மூதாட்டியாக மேடையேறியதும், அவ்வேடமே அவர் பெயருக்கு அடைமொழியாக நிலைத்ததும் அன்பர்கள் அறிந்தவை. பிறர் கதையை நமதாக்குவதும், பிறர் உருவில் புகுந்து பேசுவதும் நமக்குப் புதியன அல்ல.

ஆயினும், அண்மையில் ஒரு ஞாயிறு மாலை, சாலைக் கடைத்தெருவை அடுத்த ஒரு வீட்டின் மாடியில் நம் குழுவினர் நடிகர் தேர்வுக்கு அமர்ந்தபோது, இதுவரை காணாத இடர்ப்பாடு ஒன்று நேர்ந்தது. அதனை நேயர்களிடம் மறையாமல் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்கொண்ட நாடகம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வைக் கூறுவது. லொரெய்ன் ஹான்ஸ்பரி என்னும் அம்மையார் எழுதிய 'எ ரெய்சின் இன் த சன்' என்பது அதன் பெயர். 'வெயிலில் ஓர் உலர்திராட்சை' எனத் தமிழில் கூறலாம். 1959ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் நியூயார்க்கின் பிராட்வேயில் அது அரங்கேறியது. கறுப்பினப் பெண்ணொருவர் எழுதிப் பிராட்வேயில் நடிக்கப்பெற்ற முதல் நாடகம் அதுவே. அப்போது அம்மையாருக்கு வயது 28. நாடகம் 530 முறை நடந்தது. ஆசிரியரோ 1965இல், தம் 34ஆம் வயதிலேயே மறைந்தார்.

கதை எளியது. சிக்காகோ நகரின் தென்பகுதியில், இடுக்கமான வாடகை வீட்டில் யங்கர் குடும்பத்தார் ஐவர் வாழ்கின்றனர். குளியலறை கூடப் பிறரோடு பொதுவானது. சிறுவன் உறங்குவது கூடத்துச் சாய்விருக்கையில். குடும்பத் தலைவர் இறந்ததனால் காப்பீட்டுத் தொகை 10,000 டாலர் வருகிறது. தாய் லீனா அதில் 3,500 டாலரை முன்பணமாகக் கொடுத்து, வெள்ளையர் மட்டுமே வாழும் பகுதியில் ஒரு வீடு வாங்குகிறார். மீதியை மகன் வால்டரிடம் ஒப்படைக்கிறார். தங்கையின் மருத்துவப் படிப்புக்கென ஒதுக்கிய பணத்தையும் சேர்த்து மதுக்கடை வைக்கும் கூட்டுத் தொழிலில் போட்டு அவன் இழந்துவிடுகிறான். இதனிடையே, அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோகாதிருந்தால் கூடுதல் பணம் தருவதாகக் கூறிக்கொண்டு ஒருவர் வருகிறார். அவர் பெயர் கார்ல் லிண்ட்னர். நாடகத்தில் வரும் ஒரே வெள்ளையர் அவர்தாம்.

இது வெறும் கற்பனையன்று. 1937இல் ஆசிரியரின் தந்தை அத்தகைய பகுதியில் வீடு வாங்கினார். கறுப்பினத்தார்க்கு விற்பதில்லை என்று அங்குள்ளோர் ஒப்பந்தம் செய்திருந்தனர். கூட்டம் வீட்டைச் சூழ்ந்தது. எறியப்பட்ட கல்லொன்று சிறுமி லொரெய்னின் மேல் படாமல் மயிரிழையில் தப்பியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1940இல் தந்தைக்குச் சாதகமாக முடிந்தது. எனினும், அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்னும் தீர்ப்பு, வேறொரு வழக்கில் 1948இல்தான் கிடைத்தது.

நிற்க. தேர்வுக்கு வந்திருந்தோர் பதினால்வர். முதலில் எழுந்தவர் கல்லூரி மாணவர் ஒருவர்.

"அண்ணாச்சி, முகத்துக்குக் கரி பூசிக்கொள்ள வேண்டுமா?" என்று அவர் கேட்டார்.

"வேண்டாம் தம்பி. அவர்கள் நிறத்தை நாம் பூசிக்கொள்ள வேண்டியதில்லை, அவர்கள் நெஞ்சு நமக்கு விளங்கினால் போதும்" என்றார் நாடகத்தை இயக்கும் பெரியவர்.

அவர் விடை முற்றிலும் சரியே. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வெள்ளை நடிகர்கள் எரித்த தக்கையின் கரியை முகத்தில் அப்பிக்கொண்டு, கறுப்பின மக்களை அறிவிலிகளாகக் காட்டி ஊரைச் சிரிக்க வைத்தனர். அந்த இழிவு இன்னும் மறக்கப்படவில்லை. மூதாட்டியாகத் தோன்றிய நடிகர் மூதாட்டியைப் போற்றினார். கரி பூசியோரோ தாம் காட்டிய மக்களைப் பழித்தனர். வேடத்துக்கும் ஏளனத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பின்னர்ப் பாத்திரங்களுக்கு ஆள் கேட்கப்பட்டது. வால்டராக நடிக்க ஐவர் முன்வந்தனர். லீனாவாக நடிக்க மூன்று அம்மையார் போட்டியிட்டனர். தங்கை பெனீத்தாவின் பகுதியைப் படித்த பெண், படிப்புப் பணம் போயிற்று என்று அறியும் இடத்தில் குரல் தழுதழுத்து நின்றுவிட்டாள். ஆனால் லிண்ட்னர்? ஒருவரும் எழவில்லை. "அந்தக் கெட்டவன் வேடம் நமக்கு எதற்கு?" என்றார் ஒருவர். யாவரும் நகைத்தனர். எஞ்சியிருந்த நம் கையில் ஏடு வந்து சேர்ந்தது.

படிக்கத் தொடங்கிய பின்னரே ஒன்று புலப்பட்டது. லிண்ட்னர் கெட்டவனாகப் பேசுவதே இல்லை. அவர் குரலை உயர்த்துவதில்லை, வசை மொழிவதில்லை. குடியிருப்போர் நலம் நாடும் ஒரு முன்னேற்றச் சங்கத்தின் சார்பில் வந்ததாகவே பணிவோடு கூறுகிறார். ஆம் அன்பர்களே, சங்கம்! எல்லார் நன்மைக்காகவும் என்றே அவர் பேசுகிறார். அவ்வினிய சொற்களை வாய்விட்டுப் படிக்கப் படிக்க, எங்கோ கேட்ட குரலாகத் தோன்றிற்று. சற்றே எண்ணிப் பார்த்தோம்; அது நம் குரலேதான்.

இவ்வூருக்கு முதன்முதல் வந்தபோது, கோட்டைப் பகுதியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தோம். ஒரு வீட்டார் நமது ஊரையும் குலத்தையும் உணவையும் வினவிவிட்டு, "உங்களுக்கே இது வசதிப்படாது" என்று நயமாகக் கூறிக் கதவைச் சாத்தினர். அந்த மாலைப் பொழுதை நாம் மறந்ததில்லை. ஆண்டுகள் பல கழிந்தன. நமக்கும் மாடியோடு கூடிய ஒரு சிறு வீடு அமைந்தது. மாடியை வாடகைக்குக் கேட்டு, கைக்குழந்தையோடு இளந்தம்பதியர் வந்தனர். ஊரைக் கேட்டோம், தெருவைக் கேட்டோம், தெருவின் பெயரைக் கொண்டு சாதியைக் கண்டுகொண்டோம். "முன்னமே ஒருவருக்குச் சொல்லிவிட்டோம்" என்றோம். அது பொய். அப்பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கிய காட்சி, ஏடு நம் கையில் இருந்த அந்நேரத்தில் கண்முன் நின்றது.

படிப்பதை நிறுத்திவிட்டு இதனை அவையோர்க்குக் கூறினோம். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர், லீனா வேடத்துக்குப் போட்டியிட்ட ஆச்சி ஒருவர், "எங்கள் வீட்டிலும் இதே கதைதான்" என்று மெல்லக் கூறினார்.

தெருவில் நடக்கும் உரிமைக்காக அய்யங்காளி 1893இல் வில்வண்டியேறிச் சென்ற நாடு இது. 1936 நவம்பர் 12ஆம் நாள் கோயிற் கதவுகள் இந்துக்கள் யாவர்க்கும் திறக்கப்பட்டதும் இந்நாட்டிலேதான். விக்டோரியா அரசியின் பெயர் தாங்கியிருந்த நகர மண்டபம் 2019இல் அய்யங்காளி பெயரைப் பெற்றது. தெருவும் கோயிலும் மண்டபமும் திறந்தன. நம் வீட்டு மாடிக் கதவு திறந்ததா? பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு வந்த நாம், கதவு சாத்தப்படும் ஓசையை அறிந்தவர்கள். அறிந்தும் சாத்துவோமாயின், நமக்கு மன்னிப்பு ஏது?

நாடகத்தின் முடிவில், பணத்தைப் பெற்றுக்கொள்ளத் துணிந்து லிண்ட்னரை மீண்டும் அழைக்கிறான் வால்டர். தன் சிறுமகன் அருகில் நிற்கக் கண்டதும் அவன் நா எழவில்லை. பணம் வேண்டாமென மறுக்கிறான். குடும்பம் புது வீட்டுக்குப் புறப்படுகிறது. அக்காட்சியில் வால்டரின் பெருமை விளங்க வேண்டுமாயின், எதிரே நிற்கும் லிண்ட்னரும் உண்மையாக இருத்தல் வேண்டும். அவரைக் கொடியவராக்கி மீசை முறுக்க வைத்தால், காண்போர் அனைவரும் 'அவன் வேறு, நாம் வேறு' என்று நிம்மதியோடு வீடு திரும்புவர்.

ஆகவே, அடுத்த தேர்வுக்கு வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாடகம் முழுவதையும் ஒரு முறை படித்து வாருங்கள். விரும்பிய வேடத்தைப் படித்தபின், விரும்பாத வேடத்தையும் படித்துக் காட்டுங்கள். உரக்கப் பேசுவதைவிட, எதிரிலிருப்பவர் பேசுவதைச் செவிகொடுத்துக் கேட்பதே நல்ல நடிகர்க்கு அடையாளம். மூன்று வேடங்களுக்கு இன்னும் ஆள் தேவை. சிறுவன் வேடத்துக்குப் பத்து வயதுப் பிள்ளை ஒருவனும் வேண்டும்.

லிண்ட்னர் வேடத்துக்கு மட்டும் ஆள் தேவையில்லை. அதனை நாமே ஏற்றுக்கொண்டோம். நம் மாடியும் இப்போது காலியாகவே இருக்கிறது. இனி வருவோரிடம் வாடகையைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை என வீட்டில் முடிவு செய்துள்ளோம்.