இன்னும் ஓர் ஆண்டு!

ஆம்பூரில் தோல் ஷாப்பு வேலை முடிந்து வந்த தோழர் ஒருவர், சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு நம்மிடம் கேட்டார்:

"பையன் வெளிமாநிலத்துல மத்தியப் பல்கலைக்கழகத்துல பி.ஏ. வரலாறு. மூணு வருஷம் முடிஞ்சிடுச்சி. ஷூ கம்பெனி ஆபீஸ்ல ஒரு வேலை சொல்லி வெச்சிருக்கேன். அவன் என்னான்னா, இன்னும் ஒரு வருஷம் இருந்தா ஆனர்ஸ்னு பட்டம் தருவாங்கன்றான். அதென்னங்க ஆனர்ஸ்? அந்த ஒரு வருஷத்துல அப்படி என்னதான் இருக்குது?"

சுண்ணாம்புத் தொட்டியில் ஆண்டுக் கணக்கில் வெந்த கை கேட்ட கேள்வி இது. நாலு வார்த்தையில் மழுப்பி அனுப்ப நமக்கு மனம் வரவில்லை.

ஆனர்ஸ் என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பழைய சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட் முடித்தவனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. இரண்டு ஆண்டு படித்தால் சாதாரண பி.ஏ. மூன்று ஆண்டு, ஒரே பாடத்தை ஆழ்ந்து படித்தால் ஆனர்ஸ். ஆனர்ஸ் தேறியவர் பிறகு கட்டணம் செலுத்தி, வேறு தேர்வு எழுதாமலே, எம்.ஏ. என்று போட்டுக்கொள்ளலாம். ஓர் ஆண்டு கூடுதல். ஆனால் பட்டம் இரண்டு! காஞ்சியின் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, குடும்பச் சுமைக்காகப் படிப்பை நிறுத்திச் சிறிது காலம் நகராட்சியில் எழுத்தர் வேலை பார்த்த அண்ணா, பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்து 1934-ல் பெற்றது அந்த ஆனர்ஸ்தான். 1950-களின் பிற்பகுதியில் பி.யு.சி.யும் மூன்றாண்டுப் பட்டமும் வந்தபின் அது மெல்ல மறைந்தது.

அந்த வாசலுக்குள் எத்தனை ஏழைகள் நுழைந்தார்கள்? நம் பாலாற்றங்கரைக்கு ஆனர்ஸ் என்பது எட்டாத தூரம். வேலூர் ஊரீசுக் கல்லூரியில் அன்று எப்.ஏ. வரைதான். அங்கே படித்த ராதாகிருட்டிணன் மேலே படிக்கச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. அவர் தத்துவத்தை எடுத்த காரணம் தெரியுமா? அதைப் படித்து முடித்த உறவினர் ஒருவரின் புத்தகங்கள் காசில்லாமல் கிடைத்தன. உலகம் போற்றிய தத்துவப் பேராசிரியர் உருவான கதையில், புத்தகம் வாங்கப் பணமில்லாத கதையும் இருக்கிறது.

இன்னொருவர், மு. வரதராசனார். நம் மண்ணின் மைந்தர். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். உடல் நலிந்து வேலையை விட்டார். கல்லூரிக்குப் போக வழியில்லை, வீட்டிலிருந்தே படித்தார். 1935-ல் வித்துவான் தேர்வைத் தனியாக எழுதி மாநிலத்தில் முதலாவதாக வந்தார். திருப்பத்தூர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொண்டே 1939-ல் பி.ஓ.எல்.; பச்சையப்பன் கல்லூரியில் ஆசிரியரான பிறகு 1944-ல் எம்.ஓ.எல்.; 1948-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு முதல் டாக்டர் பட்டம். 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்!

பெருமைப்படுகிறோம். ஆனால் அதைச் சொல்லியே, "பார்த்தாயா, மனமிருந்தால் வழியில்லாமலா போகும்?" என்று ஏழைப் பிள்ளையின் முதுகைத் தட்டிவிட்டு நகரும் பெரியவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஒரு வரதராசனார் தெரிகிறார். விளக்கெண்ணெய்க்கும் காசின்றிப் புத்தகத்தை மூடிவைத்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

மறைந்த ஆனர்ஸ் இப்போது திரும்பி வந்திருக்கிறது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த திட்டப்படி, மூன்று ஆண்டில் பட்டம், நான்காம் ஆண்டும் படித்தால் ஆனர்ஸ். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர் அந்த ஆண்டில் ஆய்வும் செய்யலாம். நான்காண்டு முடித்தவருக்கு எம்.ஏ. ஓர் ஆண்டுதான், 75 விழுக்காடு இருந்தால் நேரே பி.எச்.டி.க்கும் மனுப் போடலாம். தமிழ்நாடு அரசு இதை ஏற்காமல் மூன்றாண்டுப் பட்ட வழியிலேயே நின்றது. கருநாடகம் 2021-ல் நான்காண்டைத் தொடங்கி, 2024-ல் கைவிட்டது.

அதே திட்டத்தில் இன்னொன்றும் உண்டு. ஓர் ஆண்டோடு வெளியேறினால் சான்றிதழ், இரண்டு ஆண்டோடு வெளியேறினால் டிப்ளமோ. விருப்பம்போல் போகலாமாம்! பணக்கார வீட்டுப் பிள்ளையா நடுவில் போவான்? கடன்காரன் வாசலில் நிற்கிறபோது தோல் ஷாப்புக்காரர் பிள்ளைதான் போவான். போகிறவன் கையில் ஒரு காகிதம் இருப்பதால், அவன் ஏன் போனான் என்று கேட்க நாதி இருக்காது.

"அதெல்லாம் சரிங்க, வரலாறு படிச்சா சோறு போடுமா?" என்றார் தோழர்.

நாம் பாலாற்றைக் காட்டினோம். 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழ்பட்டதாக வந்த ஆய்வு அதில் பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. அத்தனையும் ஆங்கிலத்தில். கிணறு உப்பான குடியானவனுக்கும், அதே ஆலையில் கூலி வாங்கும் தொழிலாளிக்கும் அதைப் படித்து, பொருள் சொல்லி, இருவர் நியாயத்தையும் எடைபோட்டு எழுத ஆள் வேண்டாமா? பழைய கணக்கேடுகளைப் புரட்டி, இந்தத் தொழில் யாரை உயர்த்தியது, யாரை உருக்கியது என்று எழுதுபவன் நம் தெருவிலிருந்து வரக்கூடாதா?

தோலில் விளைந்த செல்வம் இங்கே கல்லூரிகளாகவும் நிற்கிறது. வாணியம்பாடியில் இசுலாமியாக் கல்லூரி 1919, மேல்விசாரத்தில் அப்துல் அக்கீம் கல்லூரி 1965, ஆம்பூரில் மஸ்கருல் உலூம் கல்லூரி 1969. வணிகப் பெருமக்களின் கொடையை நாம் மறுக்கவில்லை. தோல் சுரண்டிய கையின் பங்கும் அந்தச் செங்கல்லில் உண்டு என்கிறோம்.

பிறகு கணக்குக்கு வந்தோம். மூன்றும் இரண்டும் ஐந்து. நான்கும் ஒன்றும் ஐந்து. பையன் எம்.ஏ. வரை போவதாக இருந்தால் இந்த ஆண்டு கூடுதல் ஆண்டே அல்ல. போகப்போவதில்லை என்றால், மூன்றாண்டுப் பட்டமும் முழுப் பட்டம்தான்; அதோடு வந்தால் குறைவில்லை. ஆகவே முதலில் அவனைக் கேளுங்கள்: எம்.ஏ. உண்டா, எங்கே? 75 இருக்கிறதா? விடுதிக்கு எவ்வளவு, உதவித்தொகை நான்காம் ஆண்டுக்கும் வருமா? எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள்.

"மார்க்கு எழுபத்தெட்டுன்னான்" என்றார் தோழர். சட்டைப் பையிலிருந்து கூலிச் சீட்டை எடுத்து, அதன் பின்பக்கம் விடுதி, சாப்பாடு, ரயில் என்று ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். ஷூ கம்பெனிச் சம்பளத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று நம்மைக் கேட்டார்.