கிற்றாரில் விழும் விரிசலும் நம் கரையின் காற்றும்

கிழக்குக் கரையில் வாழும் நமக்குக் காற்றின் குணங்கள் புதியனவல்ல. ஆண்டின் இறுதியில் வாடை மழையைக் கொண்டுவருகிறது. ஆண்டின் நடுவில் கச்சான் வீசி நிலத்தை உலர்த்துகிறது. நெல்லைக் காயவைப்பவரும் கருவாடு உணர்த்துபவரும் இவ்விரண்டையும் கணித்தே தொழில் செய்கின்றனர். ஆயினும், இதே காற்று நம் வீட்டிலுள்ள மெல்லிய மரப்பலகையை என்ன செய்கிறது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அக்கரைப்பற்று, கல்முனை போன்ற ஊர்களில் கிற்றார் பழகும் இளைஞர்களை இன்று காணமுடிகிறது. அவர்களுள் சிலருடைய கருவி, வெளிநாட்டில் உழைக்கும் தந்தையோ தமையனோ வாங்கி அனுப்பியதாக இருக்கும். ஒருநாள் அதன் முகப்பலகையில் மயிரிழை போன்ற ஒரு கோடு தென்படும். சில வாரங்களில் அது பிளவாக விரியும். கருவி பழுதாகிவிட்டதென்று அதனை ஒரு மூலையில் போட்டுவிடுவதும், கையில் அகப்பட்ட பசையைப் பூசி நிலைமையை மேலும் மோசமாக்குவதும் வழக்கமாகிவிட்டன. இவ்விரண்டும் தேவையற்ற இழப்புகளே என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரம் வெட்டப்பட்ட பின்னரும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதும் வெளிவிடுவதுமாகவே இருக்கிறது. ஈரம் ஏறும்போது பலகை அகலத்தில் பெருக்கிறது, உலரும்போது சுருங்குகிறது. நீளத்தில் ஏற்படும் மாற்றம் மிகச் சொற்பம். கிற்றாரின் முகப்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரமே பயன்படுகிறது. அதன் தடிப்பு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்; அகன்ற பகுதியின் அகலம் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர். காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 80 இலிருந்து 45 ஆகக் குறைந்து அந்நிலையிலேயே நீடித்தால், தடையின்றி விடப்பட்ட அப்பலகை ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் சுருங்கக்கூடும். ஆனால் கிற்றாரில் அப்பலகை தடையின்றி இருப்பதில்லை. சுற்றிவரப் பக்கப்பலகைகளோடும், உட்புறத்தில் குறுக்காக ஓடும் தாங்குசட்டங்களோடும் அது ஒட்டப்பட்டுள்ளது. சுருங்க இடமில்லாத பலகை தன் இழையின் வழியே பிளந்துகொள்கிறது. குதிரைக்குக் கீழேயும் மெட்டுப்பலகையின் இரு ஓரங்களிலும் விரிசல் அடிக்கடி தோன்றுவது இதனாலேயே.

நம் கரையில் ஈரம் மிகுதியாயிருக்க, வறட்சியால் விரிசல் எப்படி வரும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மழைக்காலத்தில் பெருக்க முயலும் பலகை, சட்டங்களால் தடுக்கப்பட்டுத் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. அவ்வாறு நசுங்கிய மரக்கலங்கள் உலரும்போது பழைய அளவுக்குத் திரும்புவதில்லை, முன்னிருந்ததைவிடக் குறுகிவிடுகின்றன. பின்னர் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, கிழக்கே வெப்பமும் வறட்சியும் கொண்ட கச்சானாக இறங்குகிறது. அப்போது பலகை பிளக்கிறது. ஆகவே, ஓகஸ்ட் மாதத்தில் கண்ணுக்குத் தெரியும் விரிசலுக்கான வித்து டிசெம்பர் மாதத்திலேயே ஊன்றப்பட்டிருக்கலாம். நம் ஊரிலிருந்து றியாத் போன்ற வறண்ட நகரத்துக்கோ, குளிர்காலத்தில் சூடேற்றப்படும் ரொறன்ரோ வீட்டுக்கோ கொண்டுசெல்லப்படும் கருவிகளுக்கு இந்த ஆபத்து பன்மடங்கு அதிகம்.

இந்த அறிவு தமிழுக்குப் புதியதன்று. சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையாரின் இசைப் போட்டியில் சீவகன் தனக்குத் தரப்பட்ட யாழ்களை மரத்தின் குற்றம் காட்டி ஒதுக்குகிறான். நீரில் நின்று இளகிய மரமும் இடி விழுந்த மரமும் அவன் விலக்கியவற்றுள் அடங்கும். பண்டைய யாழை ஆராய்ந்து 1947 ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட்ட சுவாமி விபுலாநந்தர் இதே கரையின் காரைதீவில் பிறந்தவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அரபு மக்களின் ஊத் என்னும் நரம்புக் கருவியின் பெயருக்கே மரம் என்பதுதான் பொருள். கிற்றார் என்ற பெயரும் கிரேக்கத்திலிருந்து அரபு மொழி வழியாக ஸ்பானிய மொழிக்குச் சென்றதாகவே மொழியறிஞர் கூறுவர்.

இனி, செய்யவேண்டியவற்றைப் பார்ப்போம். முதலில் கருவியின் தன்மையை அறிதல் வேண்டும். ஒலித்துளையின் விளிம்பை உற்று நோக்குக. மேற்பரப்பின் இழைக்கோடுகள் தடிப்பினூடாகவும் தொடர்ந்தால் அது தனிப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. விலை குறைந்த கருவிகளிற் பல ஒட்டுப்பலகையால் ஆனவை. அவை எளிதில் பிளப்பதில்லை. ஆனால் ஈரத்தால் அடுக்கு பிரிவதும் குதிரை பெயர்வதும் உண்டு.

கருவி முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. மெட்டுகளின் முனைகள் பலகையின் ஓரத்தில் கையைக் கீறுமாயின், தந்திகள் தாழ்ந்து அதிருமாயின் அது வறட்சியின் அறிகுறி. குதிரைக்குப் பின்னே முகப்பலகை புடைத்து, தந்திகள் உயர்ந்து, ஓசை மந்தமாகுமாயின் அது ஈரமிகுதியின் அறிகுறி.

விரிசல் கண்டவுடன் பசையைத் தேடக்கூடாது. முதலில் தந்திகளைத் தளர்த்த வேண்டும். விரிசலின் இரு பக்கத்தையும் விரலால் மெல்ல அழுத்தும்போது பலகை அசையாவிடின் அது மேற்பூச்சின் விரிசலாக மட்டும் இருக்கலாம். அசைந்தால் மரமே பிளந்துள்ளது. வறட்சியால் பிளந்த கருவிக்கு இழந்த ஈரத்தை மெதுவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். துளையிட்ட சவர்க்காரப் பெட்டியொன்றில், நீர் சொட்டாதவாறு நன்கு பிழிந்த பஞ்சுத்துண்டை வைத்து, அதனைக் கிற்றாருடன் மூடிய பெட்டிக்குள் ஓரிரு வாரம் வைத்திருந்தால் பல விரிசல்கள் தாமாகவே நெருங்கிவிடும். அதற்கு முன்னரே பசையும் மரத்தூளும் கலந்து அடைத்தால், அடுத்த மழைக்காலத்தில் பலகை பெருக்கும்போது அந்த அடைப்பே ஆப்பாக நின்று வேறோர் இடத்தைப் பிளக்கச் செய்யும்.

விரிசல் நெருங்கிய பின்னர், தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரத்தையோ நல்ல மரப்பசையையோ விரலால் தேய்த்து உட்செலுத்தி, மிகுதியை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட்டு, மிதமாக அழுத்தி ஒருநாள் முழுவதும் அசையாது வைக்க வேண்டும். நொடியில் இறுகும் பசைகள் மேற்பூச்சைக் கறைப்படுத்திவிடும். பின்னர் திருத்த வருபவருக்கும் அவை தடையாகும். நீண்ட விரிசலாயின், உட்புறத்தில் 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள சிறு மரத்துண்டுகளை, அவற்றின் இழை விரிசலுக்குக் குறுக்காக அமையுமாறு, இடைவெளிவிட்டு ஒட்டுவது அவசியம். ஈரம் கொடுத்தும் நெருங்காத விரிசலுக்கு, அதே இன மரத்தின் மெல்லிய சிராயைச் சீவிப் பொருத்துவதே முறை. இவ்வேலைகளுக்குத் தேர்ந்த கை வேண்டும்; ஆனால் நம் ஊர்த் தச்சர்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவையல்ல.

வருமுன் காப்பது இதனினும் எளிது. சாரீரப்பதன் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருப்பது கிற்றாருக்கு உகந்தது. சிறிய ஈரமானி ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் வைப்பது நன்று. அது சரியாகக் காட்டுகிறதா என்பதை அறிய, சிறு மூடியொன்றில் சமையல் உப்பைச் சிறிதளவு நீரில் களியாகக் குழைத்து, மானியுடன் காற்றுப்புகாத பையில் ஓர் இரவு வைத்தால், அது 75 என்று காட்ட வேண்டும். வேறுபடின், அந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு மானியை வாசிக்கலாம். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொதிகளைப் பெட்டிக்குள் இட்டு, அவை ஈரமானதும் மாற்ற வேண்டும். கச்சான் காலத்தில் கருவியைச் சுவரில் தொங்கவிடாது பெட்டியில் மூடிவைக்க வேண்டும். குளிரூட்டியின் நேர்க்காற்றும், வெயிலில் நிற்கும் வாகனமும் கிற்றாருக்குப் பகை. வெளிநாடு செல்பவர்கள், போய்ச்சேர்ந்ததும் பெட்டியை உடனே திறக்காது, ஒருநாளேனும் மூடியே வைத்திருத்தல் நலம்.

பக்கீர் பைத் பாடுவோர் மழைநாளில் றபானின் தோலை நெருப்பில் காட்டி இறுக்கிய பின்னரே அடிப்பர். காற்றின் ஈரத்தை அறிந்து கருவியைப் பேணும் அந்தப் பழக்கம் நம்மிடையே ஏற்கெனவே உண்டு. அதனைப் புதிய கருவிகளுக்கும் விரிவுபடுத்துவதே நாம் செய்யவேண்டியது. உழைப்பின் பணத்தில் வந்த ஒரு பொருள், சிறிது அறிவும் சிறிது பொறுமையும் இல்லாத காரணத்தால் விறகாகிவிடக்கூடாது. நம் தச்சுப் பட்டறைகளில் தொழில் பழகும் இளைஞர்கள் இத்துறையிலும் கவனம் செலுத்துவார்களாயின், கருவிகள் காக்கப்படுவதோடு அவர்களுக்குப் பயனுள்ள தொழிலொன்றும் கைவரும்.