ஒத்ராரிலிருந்து ஆபஸ்கூன் வரை: கவாரிஸ்ம் ஷாவின் தோல்வி கற்பிக்கும் தலைமைப் பாடம்

ஹிஜ்ரி 656இல் (கி.பி. 1258) பக்தாத் வீழ்ந்த வரலாற்றை அறியாத முஸ்லிம் வாசகர் அரியர். ஹுலாகுவின் படை, கடைசி அப்பாஸிய கலீஃபாவின் கொலை, எரிந்தும் ஆற்றில் எறியப்பட்டும் அழிந்ததாகக் கூறப்படும் நூல்கள் ஆகியன நம் மேடைகளில் மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. ஆனால் அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மங்கோலியருக்குக் கதவு திறந்துவிடப்பட்டது என்பதையும், அதைத் திறந்தது எதிரியின் கை மட்டுமன்று என்பதையும் நாம் அதிகம் பேசுவதில்லை. புகாராவும் சமர்கந்தும் 1220இல் வீழ்ந்தபோது உயிரோடிருந்து செய்திகளைக் கேட்டறிந்தவர் மௌஸில் நகரத்து வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர். ‘அல்காமில்’ என்னும் தமது பெருநூலில் அந்நிகழ்ச்சிகளை எழுத அவர் பல ஆண்டுகள் மனம் வராமல் தயங்கினார். எழுதத் துணிந்தபோதோ, காரணங்களையும் மறைக்காமல் எழுதினார்.

கதையின் நடுநாயகர் கவாரிஸ்ம் ஷா அலாவுத்தீன் முஹம்மத். தந்தை தகிஷுக்குப் பின் 1200இல் அரியணை ஏறிய இவர், கூர் வமிசத்தாரை ஒடுக்கினார்; 1210இல் கரா கித்தாயரை வென்றார்; 1212இல் சமர்கந்தைத் தமதாக்கினார்; 1215இல் கஸ்னாவைப் பெற்றார். ஆரல் கடல் முதல் ஈரானின் பெரும்பகுதி வரை இவர் பெயர் குத்பாவில் ஓதப்பட்டது. ‘இரண்டாம் இஸ்கந்தர்’ என்னும் பட்டமும் இவருக்குச் சூட்டப்பட்டது. இவரைக் குடிகாரர், அறிவிலி என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எளிது, உண்மை அவ்வாறன்று. ஃபிக்ஹிலும் உஸூலிலும் தேர்ச்சியுடையவர், உலமாக்களை மதித்தவர், பயணத்தின் களைப்பைப் பொருட்படுத்தாதவர் என்றே இப்னுல் அதீர் இவரைச் சித்திரிக்கிறார். ஆகவே அறியாமையினால் விளைந்த தோல்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

பேரரசு வெளியே விரிந்துகொண்டிருந்தபோதே உள்ளே பிளவுபட்டிருந்தது. ஷாவின் தாயார் தெர்க்கன் காத்தூன் கங்லி, கிப்சாக் துருக்கியக் குலங்களைச் சேர்ந்தவர். படைத்தளபதிகளில் பெரும்பாலோர் அவருடைய உறவினர். தலைநகர் குர்கஞ்சில் அவருக்குத் தனி அவையும் தனி முத்திரையும் இருந்தன. சுல்தான் ஜலாலுத்தீனின் செயலராகப் பணியாற்றி அவரது வரலாற்றை எழுதிய நஸவி ஒரு செய்தி தருகிறார்: மகனிடமிருந்தும் தாயிடமிருந்தும் முரண்பட்ட இரண்டு ஆணைகள் வந்தால், அதிகாரிகள் தேதியைப் பார்த்து, பின்னால் வந்ததையே நிறைவேற்றுவார்களாம்! அந்த அரசின் நிலையை விளக்க இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. மூத்த மகனும் வீரருமான ஜலாலுத்தீன் ஒதுக்கப்பட்டு, பாட்டியாரின் குலத்துத் தொடர்புடைய இளவல் உஸ்லாக் ஷா பட்டத்துக்குரியவராக்கப்பட்டதும் இந்த ஏற்பாட்டின் விளைவே.

கலீஃபா அந்நாஸிருடனும் ஷா பகை கொண்டார். அவர் பெயரைக் குத்பாவிலிருந்து நீக்கி, திர்மிதைச் சேர்ந்த ஒரு ஸையிதைக் கலீஃபாவாக அறிவித்து, 1217இல் பக்தாத்தை நோக்கிப் படை நடத்தினார். ஹமதானுக்கு அருகே அஸதாபாத் கணவாயில் பெய்த பெரும் பனி அப்படையைச் சிதைத்தது. சூஃபி ஞானி மஜ்துத்தீன் பக்தாதியை இவர் கொல்லச் செய்தது ஏற்கெனவே மக்களின் மனத்தைப் புண்படுத்தியிருந்தது. இவ்வாறு அரசவை, படை, மிம்பர் ஆகிய மூன்று இடங்களிலும் நம்பிக்கை அரிக்கப்பட்டிருந்த வேளையில்தான் கிழக்கிலிருந்து தூதர்கள் வந்தனர்.

1218ஆம் ஆண்டின் வசந்தத்தில் வந்த செங்கிஸ்கானின் தூதர்கள் மூவரும் முஸ்லிம்களே. வணிக உறவையும் சமாதானத்தையும் நாடி வந்த அச்செய்தியில், ஷாவைத் தம் அருமை மகன்களுள் ஒருவராகக் கருதுவதாகச் செங்கிஸ்கான் குறிப்பிட்டிருந்தார். அக்கால அரச வழக்கில் மகன் என்பது கீழ்ப்படிந்தவன் என்று பொருள்படும். ஷா அன்றிரவு தூதர்களுள் ஒருவரான மஹ்மூத் கவாரிஸ்மியைத் தனியே அழைத்தார். தம் மண்ணில் பிறந்தவர் என்பதால் தமக்கு உளவு சொல்ல வேண்டும் என்றார். விலையுயர்ந்த மணி ஒன்றையும் தந்தார். பின்னர், செங்கிஸ்கான் சீனத்தை வென்றது உண்மையா என்று வினவினார். உண்மைதான் என்றார் தூதர். உடனே ஷாவின் முகம் மாறியது. தமது பேரரசின் பரப்பு தெரிந்திருந்தும் ஒரு காஃபிர் தம்மை மகன் என்று அழைப்பதா, அவனிடம் அப்படி எவ்வளவு படைதான் இருக்கிறது என்று சினந்தார். உயிருக்கு அஞ்சிய மஹ்மூத், ஷாவின் படைக்கு முன் அது ஒரு பொருட்டே அன்று என்று சொல்லிவைத்தார். ஷா மனம் குளிர்ந்து உடன்படிக்கைக்கு இசைந்தார்.

இந்த இரவுக் காட்சியை நஸவி சில வரிகளில் கடந்துவிடுகிறார். எனக்கோ, பின்னர் நேர்ந்த அனைத்துக்கும் வித்து இங்கேயே விழுந்துவிட்டதாகத் தோன்றுகிறது. உண்மையை நேரில் கண்டறிந்த ஒருவர் எதிரே நிற்கிறார். அவரிடம் கேட்கவேண்டிய கேள்வியையே ஷா கேட்கிறார். ஆனால் தம் முகக்குறிப்பினாலேயே விடையையும் வகுத்துக் கொடுத்துவிடுகிறார். இவர்களுக்கு முன்பே ஷா அனுப்பிய தூதர் பஹாவுத்தீன் ராஸி, மங்கோலியர் கைப்பற்றிய வட சீனத் தலைநகரின் புறத்தே எலும்புக் குவியலைக் கண்டு திரும்பியிருந்தார் என்று ஜூஸ்ஜானி எழுதுகிறார். செய்தி இல்லாமல் இல்லை. கேட்கும் செவிதான் இல்லை.

உடன்படிக்கையின் மை காய்வதற்குள் ஒத்ரார் நிகழ்ச்சி நடந்தது. ஸைஹூன் (சிர்தர்யா) ஆற்றங்கரையிலிருந்த அந்த எல்லை நகருக்கு, செங்கிஸ்கானின் பொருள்களோடு வணிகக் கூட்டமொன்று வந்தது. அதில் 450 பேர் இருந்தனர், அனைவரும் முஸ்லிம்கள் என்கிறார் ஜுவைனி. நகரின் ஆளுநர் இனால்ஜுக், தெர்க்கன் காத்தூனின் உறவினர். அவர் வணிகர்களை ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டிச் சிறைப்படுத்திப் பின்னர் கொன்றார். தப்பிய ஒட்டகக்காரர் ஒருவர் செய்தியைக் கொண்டுபோனார். கொலைக்கு ஷா முன்கூட்டியே ஆணையிட்டாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். பின்னர் நடந்ததில் ஐயமில்லை. ஆளுநரை ஒப்படைக்குமாறு கோரிச் செங்கிஸ்கான் அனுப்பிய தூதர் இப்னு கஃப்ரஜ் புக்ரா கொல்லப்பட்டார். அவருடைய தந்தை ஷாவின் தந்தை தகிஷிடம் பணியாற்றியவர். தூதரைக் கொல்லலாகாது என்பது ஷரீஅத்தின் சட்டம் என்பதை, ஃபிக்ஹ் கற்ற அந்த மன்னருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருந்திராது. ஆயினும் இனால்ஜுக்கை அவரால் ஒப்படைக்க முடியவில்லை. ஒப்படைத்தால் தாயின் குலத்தார் படையோடு விலகிவிடுவர் என்று அஞ்சினார். தம் ஊழியனைத் தண்டிக்க அஞ்சியவர், ஒரு பேரரசோடு போரை ஏற்றுக்கொண்டார்.

போர் உறுதியானதும் ஷா ஆலோசனை நடத்தினார் என்பது உண்மை. முதலில் ஷாஃபிஈ ஃபகீஹான ஷிஹாபுத்தீன் கீவகியிடம் கேட்டார். அவருடைய சொல்லை ஷா மீறுவதில்லை என்பது இப்னுல் அதீரின் கூற்று. எல்லா மாகாணங்களுக்கும் எழுதிப் படைகளைத் திரட்டுங்கள். நாம் ஸைஹூன் கரையில் இளைப்பாறி நிற்போம். நெடுந்தூரம் கடந்து களைத்துவரும் பகைவரை அங்கேயே எதிர்கொள்வோம் என்பது அவரது கருத்து. அமீர்கள் இதற்கு உடன்படவில்லை. ஆற்றைக் கடந்து நம் மலைகளுக்கும் இடுக்குகளுக்கும் அவர்கள் வரட்டும். வழி நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது என்றனர். இவ்விரண்டும் அறிவுடைய கருத்துகளே. ஆனால் இரண்டுக்கும் ஒரே நிபந்தனை உண்டு: படை ஒன்றாக நிற்க வேண்டும். ஷா செய்ததோ, படையைப் பிரித்து ஒத்ரார், புகாரா, சமர்கந்த் முதலிய நகரங்களின் மதில்களுக்குள் அடைத்தது. சமர்கந்தில் மட்டும் 1,10,000 பேர் நிறுத்தப்பட்டதாக ஜுவைனியும் 40,000 பேர் என்று நஸவியும் எழுதுகின்றனர். எண்ணிக்கை எதுவாயினும், அது போருக்குக் குறைந்த படையன்று.

நாடோடிப் படைகளுக்கு மதில்களைத் தகர்க்கத் தெரியாது, கொள்ளையடித்துத் திரும்பிவிடுவர் என்னும் கணக்கு அக்காலத்தில் முற்றிலும் பேதைமையானதன்று என்று இக்கால ஆய்வாளர் சிலர் ஷாவுக்காக வாதிடுகின்றனர். சீனத்துப் பொறியாளர்கள் செங்கிஸ்கானுடன் வந்தது அக்கணக்கைப் பொய்யாக்கிவிட்டது என்பர். இவ்வாதத்தில் ஓரளவு நியாயமுண்டு, முழு நியாயமில்லை. நஸவி தரும் காரணம் வேறு. ஒத்ராரில் பணியாற்றிய பத்ருத்தீன் என்னும் அதிகாரியின் உறவினர்களை ஷா கொல்லச் செய்திருந்தார். அவர் செங்கிஸ்கானிடம் போய்ச் சேர்ந்து, கங்லித் தளபதிகள் மங்கோலியருக்குத் துணைநிற்பதாக உறுதி கூறுவதுபோலப் பொய்க் கடிதங்களைப் புனைந்தார். அவை ஷாவின் கையில் சிக்குமாறு விடப்பட்டன. ஷா அவற்றை நம்பினார். தம் தளபதிகள் ஓரிடத்தில் கூடினால் தம்மையே கவிழ்த்துவிடுவர் என்று அஞ்சியவர், எதிரி வருமுன் தம் படையைத் தாமே உடைத்துவிட்டார்.

ஒரே ஆண்டில் மூன்று முறை வரி வசூலித்தார். சமர்கந்தைச் சுற்றி எழுப்ப எண்ணிய பெருமதிலுக்கு அதில் ஒரு பங்கு. மங்கோலியர் வந்துசேர்ந்தபோது அம்மதில் எழும்பவே இல்லை. மாகாணங்களிலிருந்து அழைக்கப்பட்ட வில்லாளிகள் திரள் திரளாக வந்துகொண்டிருந்தபோதே, ஷா ஜைஹூன் (ஆமூதர்யா) கரையை விட்டு ஓடிவிட்டார் என்னும் செய்தி அவர்களை எட்டியது. சமர்கந்தின் அகழி வெட்டப்படுவதைப் பார்த்த ஷா, வருகின்ற படையினர் ஆளுக்கொரு சாட்டையை எறிந்தாலே இது தூர்ந்துவிடும் என்று சொன்னதாக ஜுவைனி எழுதுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்நகரைக் காக்க வேண்டிய வீரர்கள்! 1220 பிப்ரவரியில் புகாராவும் மார்ச்சில் சமர்கந்தும் வீழ்ந்தன. ஒத்ராரோ ஐந்து மாதம் தாக்குப்பிடித்தது. குஜந்தில் திமூர் மலிக் ஆற்றிடைத் தீவிலிருந்து ஆயிரம் வீரர்களோடு போராடினார். வீரத்துக்குப் பஞ்சமிருக்கவில்லை என்பதற்கு இவை போதும்.

இங்கே உஹதை நினையாதிருக்க முடியவில்லை. ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) நபி (ஸல்) அவர்களின் சொந்தக் கருத்து மதீனாவிலேயே இருந்து எதிர்கொள்வதாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ள இயலாத இளைஞர்கள் வெளியே செல்ல விரும்பினர். பெருமானார் அதற்கு இசைந்தார்கள். வழியில் அப்துல்லாஹ் இப்னு உபை 300 பேருடன் திரும்பிவிட்டான். மலைக்கணவாயில் நிறுத்தப்பட்ட 50 வில்லாளிகளில் பெரும்பாலோர் இடத்தை விட்டு இறங்கினர். எழுபது பேர் ஷஹீதாயினர். ஆலோசனையை ஏற்றதால் விளைந்த துன்பம் இது என்று எவரும் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அத்தோல்விக்குப் பின் இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம், தவறியவர்களை மன்னிக்கவும், அவர்களிடமே மீண்டும் ஆலோசனை கலக்கவும் கட்டளையிடுகிறது. நம் முஃபஸ்ஸிர்கள் வியந்து நிற்கும் இடமிது. உஹதின் மறுநாளே, காயங்களோடு அதே மக்கள் ஹம்ராவுல் அஸத் வரை பகைவரைப் பின்தொடர்ந்து சென்றனர். உஹதில் தோற்றவர்கள் தலைவருக்குப் பின்னால் மறுநாளும் அணிவகுத்தனர். கவாரிஸ்ம் ஷாவோ, பெரும்போர் எதிலும் மங்கோலியரிடம் தோற்காமலேயே ஓடினார். ஆலோசனைச் சபை கூடிற்றா என்பது இங்கே கேள்வியன்று. சபையில் இருந்தவர்களைத் தலைவர் நம்பினாரா, அவர்கள் அச்சமின்றிப் பேசினரா என்பதே கேள்வி. நம் நிருவாகக் குழுக்களின் கூட்டக் குறிப்பேடுகளைப் புரட்டும்போதும் இக்கேள்வியை மனத்தில் கொள்ளலாம்.

ஜெபே, சுபுதாய் என்னும் இரு தளபதிகள் ஊர் ஊராகத் துரத்த, ஷா பல்கு, நைஸாபூர் எனக் கடந்து காஸ்பியன் கடலில் ஆபஸ்கூனை ஒட்டிய சிறு தீவொன்றை அடைந்தார். அங்கேயே 1220இன் இறுதியில் நோயுற்று இறந்தார். கஃபன் துணி கிடைக்காமல், உடனிருந்த ஒருவரின் சட்டையில் பொதிந்து அடக்கினர். அதற்கு முன்பே உஸ்லாக் ஷாவை நீக்கி ஜலாலுத்தீனைத் தம் வாரிசாக்கியிருந்தார். காலம் கடந்திருந்தது.

ஜலாலுத்தீன் 1221இல் பர்வானில் மங்கோலியரை வென்றார். வெற்றிப் பொருளில் கிடைத்த ஒரு குதிரைக்காக இரு தளபதிகள் சண்டையிட்டனர். அமீன் மலிக் தம் சாட்டையால் ஸைஃபுத்தீன் இக்ராக்கின் தலையில் அடித்தார். அமீன் மலிக்கைத் தண்டித்தால் அவர் படையினர் அடங்குவரா என்று ஜலாலுத்தீன் தயங்க, இக்ராக் தம் வீரர்களோடு அன்றிரவே பிரிந்துபோனார். அவ்வாண்டு நவம்பரில் சிந்து நதிக்கரையில் ஜலாலுத்தீன் சிறுபடையோடு தோற்று, குதிரையோடு ஆற்றில் பாய்ந்து தப்பினார். தந்தையின் நோய் மகனின் படைக்கும் தொடர்ந்து வந்திருந்தது.

கலீஃபா அந்நாஸிரே மங்கோலியரை அழைத்தார் என்றொரு பேச்சு அன்றே பரவியிருந்தது. அதற்கு உறுதியான சான்றில்லை. பழியை எங்கேனும் இறக்கிவைக்கும் நம் ஆர்வத்துக்கு அது வசதியாக இருக்கிறது, அவ்வளவே. இப்னுல் அதீர் சுட்டும் காரணம் கனமானது. அண்டை மன்னர்கள் அனைவரையும் ஒழித்துவிட்டு ஷா ஒருவரே எஞ்சி நின்றார். அவர் வீழ்ந்தபின் அந்நாடுகளைக் காக்க எவரும் மிஞ்சவில்லை என்கிறார் அவர். தம்மைத் தவிர எவரும் உயர்ந்து நிற்கலாகாது எனக் கருதிய ஒருவரின் வெற்றிகளே பின்வந்த பேரழிவுக்கு வழியமைத்தன.

ஷிஹாபுத்தீன் கீவகியின் முடிவை நஸவி வருத்தத்தோடு குறிப்பிடுகிறார். குர்கஞ்சில் ஷாஃபிஈகளின் பள்ளிவாசலில் அவர் நிறுவிய நூலகத்துக்கு நிகரானது வேறில்லை எனப் புகழ்பெற்றிருந்தது. கவாரிஸ்மை விட்டு நீங்கும்போது நூல்களைப் பிரிய மனமின்றி, அரியவற்றைத் தேர்ந்து உடன்கொண்டு நஸா நகருக்குச் சென்றார். அந்நகர் வீழ்ந்தபோது மகனோடு கொல்லப்பட்டார். அவருடைய நூல்கள், அவற்றின் மதிப்பறியாதவர் கைகளில் சிதறின. அவற்றுள் சிலவற்றை நஸவி தேடிப் பெற்றுக்கொண்டார்.