தீயைத் துணைக்கொள்ளும் உயிர்கள்

தீ என்றதும் அழிவே நம் நினைவுக்கு வருகிறது. அதனைப் பயன்கொள்ளத் தெரிந்தவன் மனிதன் ஒருவனே என்றும் நாம் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் முழுமையற்றது என்பதற்கு ஆஸ்திரேலியக் கண்டம் தக்க சான்றாகும்.

முதலில் தாவரங்களைக் காண்போம். அந்நாட்டுப் பாங்சியா மரங்கள் பலவற்றின் விதைகள், கட்டைபோல் இறுகிய காய்களுள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கின்றன. தீயின் வெப்பம் பட்டதும் காய்கள் திறக்க, விதைகள் சாம்பல் படிந்த மண்ணில் விழுகின்றன. அங்கே நிழல் செய்யும் பிற செடிகள் இல்லாமையால், வெயிலும் சத்தும் தடையின்றிக் கிடைக்கின்றன. வேறு சில செடிகளின் விதைகளைப் புகையே எழுப்புகிறது. அவ்வாறு எழுப்பும் வேதிப்பொருள் ஒன்றை 2004ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர்கள் கண்டறிந்தனர். புகையைக் குறிக்கும் 'கரிக்' என்னும் நூங்கார் மொழிச் சொல்லைக்கொண்டு, அவ்வகைப் பொருள்களுக்குப் பின்னர்க் 'கரிக்கின்' எனப் பெயரிட்டனர்.

பறவைகளின் செயல் இதனினும் வியப்பானது. வட ஆஸ்திரேலியப் புல்வெளிகளில் தீ பரவுங்கால், தப்பியோடும் பல்லிகளையும் வெட்டுக்கிளிகளையும் பிடித்துண்ணக் கரும்பருந்துகள் கூடுகின்றன. நம் ஊர் வானில் வட்டமிடும் கரும்பருந்தும் இவ்வினத்ததே. இப்பருந்துகளும் பழுப்பு வல்லூறுகளும் எரியும் குச்சிகளைப் பற்றிச் சென்று, எரியாத புல்லில் இட்டுப் புதுத்தீ மூட்டுகின்றன என்பது அந்நிலத் தொல்குடியினர் நெடுங்காலமாகக் கூறிவரும் செய்தியாகும். தொல்குடியினரான வைபுல்டான்யாவின் வாழ்க்கையைக் கூறி 1962இல் வெளிவந்த நூலிலும் இது இடம்பெற்றுள்ளது. எனினும் அறிஞர் பலர் இதனை ஐயுற்றனர். தொல்குடியினரும் தீயணைப்போரும் நேரில் கண்டவற்றைத் தொகுத்து, 2017இல் மார்க் போண்டா, பாப் காஸ்ஃபோர்டு முதலியோர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்ட பின்னரே உலகம் இதற்குச் செவிசாய்த்தது. சாலையையும் ஓடையையும் தீ தாண்டுவதற்குக் காற்றை மட்டுமே காரணமாகக் கருதியோர், இனிப் பறவைகளையும் நோக்க வேண்டியவராயினர்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. இவ்வுயிர்கள் துணைக்கொள்வது அளவான தீயையே ஆகும். தீயில் தாய்மரம் மடியும் பாங்சியா வகைகளில், புதிய கன்று காய்த்து விதை சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் மீண்டும் தீ வருமாயின், அவ்விடத்தில் அம்மரத்தின் வழியே அற்றுப்போகும். உலர்பருவத் தொடக்கத்தில் சிறுசிறு தீயிட்டு, பின்னர் வரக்கூடிய பெருந்தீயைத் தடுக்கும் தொல்குடியினரின் முறை இவ்வளவறிந்து வகுக்கப்பட்டதே எனலாம்.

பருந்தின் செயலைக் கூறியோரும், தீயின் அளவை அறிந்தோரும் அம்மக்களே. ஏட்டில் இல்லை என்பதனால் ஒரு செய்தி பொய்யாகிவிடாது என்பதனை நாம் உணர்தல் வேண்டும்.